எஃப்சிங்க்கின் பிழையை விழுங்கியது யார்? 4.9 கெர்னலில் ஒரு ரைட்பேக் பழுதுபார்ப்பு

நினைவகத்தில் இருக்கும் கோப்புத் தரவைக் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) பிறகு வட்டில் எழுதுவதுதான் ரைட்பேக். அதில் பழுது இரண்டு விதமாக வரும். எழுத வேண்டிய பக்கத்தை எழுதாமலேயே, எழுதியாயிற்று என்று கெர்னல் கணக்கு வைத்துக்கொள்வது ஒன்று. 2006 டிசம்பரில் லினக்ஸ் 2.6.19-இல் பலரையும் அலைக்கழித்தது அந்த வகைதான். எம்மேப் (கோப்பை நினைவகத்தில் பொருத்திக்கொள்ளும் அழைப்பு) வழியாக எழுதிய கோப்புகளில் அங்கங்கே தரவு காணாமல் போயிற்று. அந்த மாதக் கடைசியில் லினஸ் டோர்வால்ட்ஸ் அதன் வேரைப் பிடித்துத் திருத்தினார். இன்னொரு வகையில், கெர்னல் ஒழுங்காக எழுதப் போகும், வட்டு மறுத்துவிடும், மறுத்த செய்தி மட்டும் கேட்க வேண்டியவர் காதுக்கு வந்து சேராது. இந்தப் பதிவு இரண்டாம் வகையைப் பற்றியது. என்னைக் கேட்டால் இதுதான் அதிக ஆபத்தானது. முதல் வகையில் தரவு போனதை யாராவது கவனித்துக் கூச்சல் போடுவார்கள். இதில் எல்லோரும் நிம்மதியாகத் தூங்குவார்கள்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு நிரல் ரைட் அழைப்பு விட்டால் தரவு வட்டுக்குப் போவதில்லை. பேஜ் கேஷில், அதாவது கோப்புத் தரவுக்கான நினைவகப் பகுதியில், 4 கேபி பக்கம் ஒன்றில் நகலாகி, அந்தப் பக்கம் ‘டர்ட்டி’ (இன்னும் வட்டுக்குப் போகாதது) என்று குறிக்கப்படும், அவ்வளவுதான். பிறகு ஃப்ளஷர் த்ரெட் சாவகாசமாக வந்து வட்டில் எழுதும். இயல்பான அமைப்பில் அது 5 விநாடிக்கு ஒருமுறை விழித்து, 30 விநாடியைத் தாண்டிய டர்ட்டி பக்கங்களைப் பொறுக்கி அனுப்பும். ஆக, வட்டு பிழை சொல்லும் நேரத்தில் ரைட் அழைத்த நிரல் வெற்றி என்ற பதிலை வாங்கிக்கொண்டு வேறு வேலைக்குப் போயிருக்கும். பிழையை அதனிடம் சொல்லக் கெர்னலுக்கு இருக்கும் உருப்படியான வாய்ப்பு எஃப்சிங்க் ஒன்றுதான்: கோப்பின் தரவு வட்டில் சேரும்வரை காத்திருந்து விடை சொல்லும் அழைப்பு அது. அந்த வாய்ப்பு கை நழுவினால் அவ்வளவுதான், ஏனென்றால் எக்ஸ்ட்4 என்ற லினக்ஸ் கோப்பு முறைமையில் எழுதத் தோற்ற பக்கம் திரும்பவும் டர்ட்டி ஆவதில்லை. சுத்தமான பக்கமாகவே கேஷில் உட்கார்ந்திருக்கும். படித்தால் புதிய தரவு தெரியும். நினைவகம் தேவைப்பட்டு அந்தப் பக்கத்தைக் கெர்னல் வெளியேற்றிய பிறகு படித்தால் வட்டில் இருக்கும் பழைய தரவு வரும்.

எங்களுக்கு நடந்தது இதுவே. ஒரு தரவு சேகரிப்புப் பெட்டி, கெர்னல் 4.9, கோப்பு முறைமை எக்ஸ்ட்4, அதற்கடியில் எல்விஎம் தின் பூல் (எழுத எழுத மட்டுமே இடம் ஒதுக்கும் பொதுச் சேமிப்பு). பலகைக்கான டிரைவர்கள் 4.9-க்கு மட்டுமே கிடைத்ததால் புதிய கெர்னலுக்குத் தாவும் வழி இல்லை. ஒரு இரவு தின் பூல் நிரம்பியது. நிரம்பியதும் தின் பூல் உடனே பிழை சொல்லாது. இயல்பாக 60 விநாடி எழுத்துகளை வரிசையில் நிறுத்திவைத்து, இடம் கிடைக்காவிட்டால் பிறகு பிழையாகத் திருப்பும். காலையில் பூலைப் பெரிதாக்கினார்கள். எல்லாம் ஓடியது. நெடுநாள் கழித்து ஒரு அட்டவணைக்கும் அதன் இன்டெக்ஸுக்கும் கணக்கு ஒத்துவரவில்லை.

கெர்னல் பதிவைத் தோண்டினால் அந்த இரவில் எக்ஸ்ட்4_எண்ட்_பயோ என்ற கெர்னல் செயல் எழுதிய எச்சரிக்கைகள் வரிசையாக இருந்தன: எந்த ஐநோடு (கோப்பின் உள் பதிவு), எந்த ஆஃப்செட், எத்தனை பைட், எந்தத் தொகுதியில் தொடக்கம் எல்லாமே துல்லியமாக. கெர்னலுக்குத் தெரிந்திருக்கிறது. தரவுத்தளத்தைப் பார்த்துக்கொள்ளும் நண்பரிடம் கேட்டேன்.

“எஃப்சிங்க் தோத்தா உங்க நிரல் என்ன செய்யும்?”

“உடனே நின்னுடும் அண்ணே. ஆனா தோக்கவே இல்லையே. அன்னிக்கு ராத்திரி அத்தனை எஃப்சிங்க்கும் சுழியம்தான், அதாவது வெற்றின்னுதான், திருப்பியிருக்கு, லாக்கை நீங்களே பாருங்க.”

பார்த்தேன். அவர் சொன்னது சரி.

சோதனைக் களம்

உண்மையான வட்டை நிரப்பிப் பார்ப்பதில் பயனில்லை. வேண்டிய நேரத்தில், வேண்டிய இடத்தில் மட்டும் தோற்க வேண்டும். கியூஎம்யூவில் ஒரு மெய்நிகர் இயந்திரம், அதற்கு 1 ஜிபி இரண்டாம் வட்டு. அந்த வட்டின் மேல் டிவைஸ் மேப்பர் (வட்டின் எந்தப் பகுதி எப்படி நடக்க வேண்டும் என்று ஓர் அட்டவணையில் சொல்லும் கெர்னல் வசதி) கொண்டு, கேட்டதை அப்படியே வட்டுக்கு அனுப்பும் ஒரு லீனியர் சாதனம், அதன் மேல் எக்ஸ்ட்4.

பலரும் செய்வது, முழுச் சாதனத்தையும் எரர் டார்கெட்டாக, அதாவது எதைக் கேட்டாலும் பிழை சொல்வதாக, மாற்றிவிடுவது. அப்படிச் செய்தால் ஜர்னலும் (கோப்பு முறைமை தன் மாற்றங்களை முன்கூட்டிக் குறித்துவைக்கும் இடம்) சேர்ந்து தோற்கும். கோப்பு முறைமை படிக்க மட்டும் என்ற நிலைக்குப் போய்விடும். அதன் பிறகு வரும் பிழை தரவுக்கான பிழையா ஜர்னலுக்கான பிழையா என்று பிரிக்க முடியாது. நமக்கு வேண்டியது ஒரு கோப்பின் தரவுத் தொகுதிகள் மட்டும் தோற்பது. எக்ஸ்ட்4-இன் டேட்டா_எர் விருப்பத்தைத் தொடாமல் விட்டால், ஆர்டர்டு முறையில் (தரவு போன பிறகே ஜர்னலை முடிக்கும் முறை) தரவு எழுத்து தோற்றாலும் எக்ஸ்ட்4 ஜர்னலை நிறுத்தாது, எச்சரிக்கை எழுதிவிட்டு நகரும். நம் பெட்டியிலும் அதே அமைப்பு.

1 எம்பி கோப்பு ஒன்றை எழுதி, சிங்க் செய்து, கோப்பு வட்டில் எங்கே இருக்கிறது என்று காட்டும் ஃபைல்ஃபிராக் -வி கொடுத்தேன். கோப்பு 34816-ஆம் தொகுதியில் தொடங்கி 256 தொகுதிகள் ஒரே எக்ஸ்டெண்டாக (தொடர்ச்சியான துண்டாக) இருந்தது. ஃபைல்ஃபிராக் காட்டுவது 4096 பைட் தொகுதி. டிவைஸ் மேப்பர் கேட்பது 512 பைட் செக்டர். எட்டால் பெருக்க வேண்டும். 34816 × 8 = 278528; நீளம் 2048. எனவே புதிய அட்டவணை மூன்று வரி: 0 முதல் 278528 செக்டர் லீனியர், அங்கிருந்து 2048 செக்டர் எரர், 280576 முதல் மீதி 1816576 செக்டர் லீனியர். மூன்றையும் கூட்டினால் 2097152, வட்டின் முழு அளவு. கூட்டிப் பார்த்துச் சரிபார்ப்பது நல்லது. இடையில் ஓர் ஓட்டை விழுந்தால், டிவைஸ் மேப்பரை இயக்கும் கட்டளையான டிஎம்செட்டப் அட்டவணையை ஏற்காது.

அட்டவணையை மாற்றும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். டிஎம்செட்டப் சஸ்பெண்ட் இயல்பாகவே மேலே இருக்கும் கோப்பு முறைமையை உறையவைக்கும். உறையும் முன் டர்ட்டி பக்கங்கள் எல்லாம் நல்லபடியாக வட்டுக்குப் போய்விடும். எழுதிவிட்டு அட்டவணையை மாற்றினால் எதுவுமே தோற்காது. முதலில் மாற்று, பிறகு எழுது. உறையவைக்காதே என்று சொல்லும் நோலாக்எஃப்எஸ் விருப்பம் கொடுத்தும் செய்யலாம். வரிசையை மாற்றுவது எனக்கு எளிதாக இருந்தது.

சோதனை நிரல் சின்னது. ஒரே கோப்பை இரண்டு முறை ஓபன் செய்து அ, ஆ என்று இரண்டு டிஸ்கிரிப்டர் (திறந்த கோப்புக்கான கைப்பிடி எண்) வாங்கும். அ-வில் ஒரு முழு 4 கேபி பக்கம் எழுதும். முழுப் பக்கம் என்பதால் பழையதைப் படிக்க வட்டுக்குப் போகாது. பிறகு வரிசையாக எஃப்சிங்க். 4.9-இல் கிடைத்த விடை: அ-வுக்கு ஈஐஓ (உள்ளீடு/வெளியீட்டுப் பிழை), ஆ-வுக்கு வெற்றி, மீண்டும் அ-வுக்கு வெற்றி. அட்டவணையை முழு லீனியராகத் திருப்பி, கோப்பைப் படித்தால் புதிய தரவு. டிராப்_கேஷஸில் 1 எழுதி, பேஜ் கேஷைக் காலி செய்துவிட்டுப் படித்தால் பழைய தரவு.

இரண்டு வெற்றிச் செய்திகளும் பொய் என்பதைக் கண்ணால் பார்த்தாயிற்று. ஆனால் எங்கள் தரவுத்தளத்துக்கு முதல் ஈஐஓகூட வரவில்லையே? அதை வாங்கிக்கொண்டவர் யார்?

விழுங்கியவரைப் பிடித்தது

4.9-இல் இந்தப் பிழை எங்கே தங்கியிருக்கிறது என்று பார்ப்போம். ஒவ்வொரு கோப்பின் ஐநோடுக்கும் அட்ரஸ்_ஸ்பேஸ் என்ற கட்டமைப்பு உண்டு. அதில் ஏஎஸ்_ஈஐஓ, ஏஎஸ்_ஈநோஸ்பேஸ் என்று இரண்டு கொடி பிட்கள். எழுத்து தோற்றால் மேப்பிங்_செட்_எரர் கொடியை ஏற்றும். பிறகு காத்திருந்து முடிக்கும் ஃபைல்மேப்_எஃப்டேட்டாவெய்ட் போன்ற செயல்கள் கொடியைப் பார்த்து, இறக்கி, பிழையைத் திருப்பும். கொடி கோப்புக்கு ஒன்று, கேட்பவர்கள் பலர். தெருவுக்கு வந்த ஒரே கடிதத்தை முதலில் வந்தவர் கையோடு கொண்டுபோவது போலத்தான். அவருக்கு அது தேவையா, படித்தாரா, கிழித்துப் போட்டாரா என்பது யாருக்கும் தெரியாது.

ஆகவே என் கேள்வி: கெர்னலுக்குள் இந்தக் கொடியை இறக்கிவிட்டு, கிடைத்த விடையைத் தூக்கி எறியும் இடங்கள் எவை? மூல நிரலில் ஃபைல்மேப்_ரைட்_அண்ட்_வெய்ட் என்று தேடினால் திருப்பும் மதிப்பை வாங்காமல் விட்ட அழைப்புகள் கண்ணில் படும். எக்ஸ்ட்4-இன் பிமேப் செயலில் ஒன்று. பொதுவான ஐஆக்டல் நிரலில், ஃபைமேப் கோரிக்கையில் (கோப்பு வட்டில் எங்கே இருக்கிறது என்று கேட்பது) சிங்க் கொடி இருந்தால் அழைக்கப்படும் இடத்தில் ஒன்று.

பெட்டியில் கேரெட்ப்ரோப் (கெர்னல் செயல் திரும்பும் இடத்தில் வைக்கும் கண்காணிப்பு) ஒன்றைப் போட்டேன்: ஃபைல்மேப்_ரைட்_அண்ட்_வெய்ட் திரும்பும்போது மதிப்பை 32 பிட் முழு எண்ணாகப் பதிவு செய், சுழியமாக இருந்தால் விட்டுவிடு. சோதனைப் பெட்டியில் அதே இரவு வேலைகளை ஓடவிட்டு, தின் பூலையும் நிரப்பினேன். டிரேஸில் வந்த வரியில் மதிப்பு -5. அதாவது ஈஐஓ. இடப்பக்கம் எழுதியிருந்த நிரலின் பெயர் ஃபைல்ஃபிராக்.

இரவில் கோப்புகள் எவ்வளவு துண்டாகியிருக்கின்றன என்று கணக்கெடுக்க ஒரு ஸ்கிரிப்ட் ஓடுகிறது. அது ஃபைல்ஃபிராக் -எஸ் என்று கொடுத்திருக்கிறது. -எஸ் என்றால் வரைபடம் கேட்கும் முன் கோப்பை சிங்க் செய். அந்த சிங்க்கில் டர்ட்டி பக்கங்கள் வட்டுக்குப் போய்த் தோற்றன, கொடி ஏறியது, அதே அழைப்பு கொடியை இறக்கி -5 வாங்கியது, ஐஆக்டல் நிரல் அந்த -5-ஐ வாங்காமலே விட்டது. ஃபைல்ஃபிராக்குக்குக்கூடப் பிழை தெரியவில்லை. பிறகு தரவுத்தளம் எஃப்சிங்க் கேட்டபோது டர்ட்டி பக்கமும் இல்லை, கொடியும் இல்லை. சுழியம்.

இதில் என்னை உண்மையிலேயே கோபப்படுத்தியது ஒன்று. ஃபைமேப் கேட்க ரூட் அனுமதி வேண்டாம். கோப்பைப் படிக்க மட்டும் திறக்க முடிந்த எவரும், தம்மையறியாமல், இன்னொருவரின் எழுத்துப் பிழையை அழித்துவிடலாம். ஸ்கிரிப்ட் எழுதியவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. அவர் செய்தது முறையான வேலை. -எஸ்-ஐ அன்றே எடுத்துவிட்டோம். ஆனால் இப்படி விழுங்கும் இடங்களை ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டிருப்பது திருத்தமாகாது. ஒருவர் படித்தால் மற்றவருக்கு இல்லாமல் போகும் அமைப்பே பழுது.

எர்சீக்: 32 பிட்டில் ஒரு நல்ல தீர்வு

அந்த அமைப்பை மாற்றியவர் ஜெஃப் லேட்டன். அவருடைய எர்சீக் 2017-இல் 4.13 கெர்னலில் சேர்ந்தது. அதை 4.9-க்குப் பின்னோக்கிக் கொண்டுவருவது என்று முடிவு செய்தேன்.

கருத்து எளிது. பிழையைக் கொடியாக வைக்காமல் எண்ணாக வை. அட்ரஸ்_ஸ்பேஸில் ஓர் எண் (டபிள்யூபி_எர்), திறந்திருக்கும் ஒவ்வொரு கோப்பின் ஸ்ட்ரக்ட் ஃபைலிலும் ஓர் எண் (எஃப்_டபிள்யூபி_எர்). திறக்கும்போது முதல் எண்ணை இரண்டாவதில் நகலெடு. எஃப்சிங்க் கேட்கும்போது இரண்டையும் ஒப்பிடு. வேறுபட்டால் நடுவில் பிழை நடந்திருக்கிறது, சொல், பிறகு நகலைப் புதுப்பி. ஒருவர் படிப்பதால் மற்றவரின் நகல் மாறாது.

இதை 32 பிட்டில் அடக்கிய விதம்தான் அழகு. கீழ் 12 பிட் பிழை எண். கெர்னலின் பிழை எண்கள் 4095-க்குள் அடங்கும். அடுத்த 1 பிட் ‘யாரோ பார்த்தாயிற்று’ என்ற குறி. மீதி 19 பிட் எண்ணி. எண்ணி ஒவ்வொரு பிழைக்கும் கூடுவதில்லை. முந்தைய பிழையை யாராவது பார்த்திருந்தால் மட்டுமே கூடும். சாகும் வட்டு நொடிக்கு ஆயிரக்கணக்கில் பிழை சொன்னாலும், யாரும் கேட்காதவரை எண்ணி நகராது. சுற்றிவந்து பழைய மதிப்பில் நின்று ஏமாற்றும் வாய்ப்பு அற்பமாகிவிடுகிறது.

பிழைநீக்க வரி ஒன்று போட்டு எண்களை அச்சிட்டுப் பார்த்தபோதுதான் எனக்கு இது நன்றாக மனதில் பதிந்தது. தொடக்கத்தில் கோப்பு 0, அ 0, ஆ 0. எழுத்து தோற்றது: கோப்பு 5. அ எஃப்சிங்க் கேட்டது: 5-உம் 0-உம் வேறு, எனவே ஈஐஓ; பார்த்த குறி ஏறி 5 + 4096 = 4101 ஆனது; அ-வின் நகலும் 4101. ஆ கேட்டது: அதன் நகல் இன்னும் 0, கோப்பு 4101, எனவே ஈஐஓ. இருவரும் மறுபடி கேட்டால் 4101-உம் 4101-உம் ஒன்று, வெற்றி. இன்னொரு எழுத்து தோற்றது: பார்த்த குறி இருந்ததால் எண்ணி ஒன்று கூடி, குறி இறங்கி, 8192 + 5 = 8197. அ, ஆ இருவருக்கும் மறுபடி ஈஐஓ.

பின்னோக்கிக் கொண்டுவந்ததில் பெரும்பகுதி இயந்திரத்தனமான வேலை. எர்சீக் நிரலே சிறியது, பூட்டு இல்லாமல் சிஎம்பிஎக்ஸ்சேஞ்ச்சில் (ஒப்பிட்டு ஒரே மூச்சில் மாற்றும் செயல்) ஓடுவது. பிழை எந்தச் சூழலிலிருந்தும் வரலாம் என்பதால் அப்படி. ஸ்ட்ரக்ட் ஃபைலின் நகலை மாற்றும்போது மட்டும் எஃப்_லாக் என்ற பூட்டைப் பிடிக்க வேண்டும், ஒரே டிஸ்கிரிப்டரில் இரண்டு த்ரெட் எஃப்சிங்க் கேட்கலாம் அல்லவா. மேப்பிங்_செட்_எரர் பழைய கொடியையும் ஏற்ற வேண்டும், புதிய எண்ணையும் மாற்ற வேண்டும், ஏனென்றால் கொடியை நம்பும் நிரல் இன்னும் உள்ளே நிறைய இருக்கிறது. ஸ்ட்ரக்ட் ஃபைலும் அட்ரஸ்_ஸ்பேஸும் மாறுவதால் கெர்னல் மூல நிரலுக்கு வெளியே உள்ள டிரைவர் மாட்யூல்கள் அனைத்தையும் மறுபடி கம்பைல் செய்தாக வேண்டும். மூல நிரல் கையில் இல்லாத மாட்யூல் வைத்திருப்பவர்கள் இந்த இடத்திலேயே நின்றுவிடுங்கள்.

இன்னொன்று தெளிவாக இருக்கட்டும். டூப் (டிஸ்கிரிப்டரை நகலெடுப்பது), ஃபோர்க் (செயல்முறையை நகலெடுப்பது) அழைப்புகள் வழியாக வந்த டிஸ்கிரிப்டர்கள் ஒரே ஸ்ட்ரக்ட் ஃபைலைப் பகிர்கின்றன. அவற்றுக்கு நகலும் ஒன்றே. தனித்தனியாகக் கேட்க வேண்டுமென்றால் தனித்தனியாகத் திறக்க வேண்டும்.

ஜர்னல் வைத்திருந்த பொறி

எக்ஸ்ட்4-இல் எஃப்சிங்க்கை நடத்தும் எக்ஸ்ட்4_சிங்க்_ஃபைலைப் புதிய வழிக்கு மாற்றியதும் முதல் சோதனை தேறியது. அ ஈஐஓ, ஆ ஈஐஓ, பிறகு இருவருக்கும் வெற்றி. ஃபைல்ஃபிராக் -எஸ் நடுவில் ஓடினாலும் அதே விடை. அடுத்து, கோப்பின் கடைசியில் தரவைச் சேர்க்கும் சோதனை. அதற்காகப் பிழைப் பகுதியைக் கோப்புக்கு அடுத்த காலி இடத்துக்கும் நீட்டினேன். நீட்டும் முன் ஜர்னல் எங்கே இருக்கிறது என்று டீபக்எஃப்எஸ்ஸில் 8-ஆம் ஐநோடைக் கேட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். எக்ஸ்ட்4-இல் ஜர்னல் அந்த ஐநோடுதான்.

விடை: அ ஈஐஓ, ஆ ஈஐஓ, மறுபடி அ ஈஐஓ. புதிதாக எதுவும் எழுதவில்லை. ஆனாலும் பிழை இரண்டாம் முறை வருகிறது.

எண்களைப் பார்த்தால் கோப்பு 4101-இலிருந்து 8197-க்குத் தாவியிருந்தது. யாரோ ஒருவர் புதிதாக மேப்பிங்_செட்_எரர் அழைத்திருக்கிறார். கெர்னல் பதிவில் துப்பு இருந்தது: கோப்புத் தரவை ஃப்ளஷ் செய்யும்போது ஐ/ஓ பிழை கண்டதாக, எக்ஸ்ட்4-இன் ஜர்னலை நடத்தும் ஜேபிடி2 ஒரு வரி எழுதியிருந்தது.

மேலெழுதுவதற்கும் சேர்ப்பதற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான். ஆர்டர்டு முறையில், புதிய தொகுதி ஒதுக்கப்பட்டால் அந்த ஐநோடு நடப்புப் பரிவர்த்தனையின் பட்டியலில் சேரும். கமிட் செய்யும் முன் அந்தத் தரவு வட்டுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று ஜேபிடி2 காத்திருந்து பார்க்கும். பழைய இடத்திலேயே மேலெழுதினால் புதிய ஒதுக்கீடு இல்லை, பட்டியலிலும் சேராது. அதனால்தான் முதல் சோதனை தேறியது.

காத்திருக்க ஜேபிடி2 பயன்படுத்துவது அதே ஃபைல்மேப்_எஃப்டேட்டாவெய்ட். அது பழைய கொடியை இறக்கிவிடும். இறக்கினால் பயனாளியின் எஃப்சிங்க்குக்குப் பிழை கிடைக்காது என்று ஜேபிடி2 எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. பிழை வந்தால் மேப்பிங்_செட்_எரர் அழைத்துக் கொடியைத் திரும்ப ஏற்றிவைக்கிறார்கள். அதற்கான குறிப்பும் நிரலிலேயே இருக்கிறது. கொடிக் காலத்தில் அது அக்கறையான வேலை. இறக்கியதை ஏற்றிவிட்டால் பழையபடி ஆயிற்று. எண்ணும் அமைப்பில் அதே வரி புதிய பிழை நடந்ததாகப் பதிவு செய்கிறது. ஒரு தோல்வி, இரண்டு அறிவிப்பு.

இரண்டு முறை சொன்னால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். ஈஐஓ வந்ததும் தன் லாக்கிலிருந்து தரவைத் திரும்ப எழுதி, மறுபடி எஃப்சிங்க் கேட்டுச் சரிபார்க்கும் நிரலுக்கு, இரண்டாம் ஈஐஓ ‘திரும்ப எழுதியதும் தோற்றது’ என்றே பொருள்படும். நல்ல வட்டைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள்.

டோர்வால்ட்ஸ் தரப்பு வெளியிடும் மூலக் கெர்னலும் 4.13-இல் இதே இடத்தைத் திருத்தியிருக்கிறது: கொடியை இறக்காமல் காத்திருக்கும் ஃபைல்மேப்_எஃப்டேட்டாவெய்ட்_கீப்_எரர்ஸ் என்ற செயலை ஜேபிடி2 அழைக்கும், ஏற்றி இறக்கும் விளையாட்டே இல்லை. 4.9-இல் அந்தச் செயல் இருக்கிறது, ஆனால் எதையும் திருப்பித் தராது. பிழை எண்ணைத் திருப்பும்படி மாற்றினேன். எங்கள் கட்டமைப்பில் ஜேபிடி2 தனி மாட்யூல் என்பதால் அந்தச் செயலை மாட்யூல்கள் அழைக்கும்படி எக்ஸ்போர்ட்டும் செய்ய வேண்டியிருந்தது. அதன் பிறகு சேர்க்கும் சோதனையும் தேறியது.

தாமதமாகத் திறப்பவர்

4.13-இல் இருந்தபடியே எடுத்தால் ஒரு ஓட்டை மிச்சம். ஒரு நிரல் எழுதிவிட்டு எஃப்சிங்க் இல்லாமல் மூடிவிடுகிறது. ஃப்ளஷர் பின்னணியில் எழுதித் தோற்கிறது. பிறகு இன்னொரு நிரல் அதே கோப்பைத் திறந்து எஃப்சிங்க் கேட்கிறது. திறக்கும்போது எடுத்த நகலில் பிழை ஏற்கெனவே அடங்கிவிட்டதால் வித்தியாசம் தெரியாது, சுழியம். யாருமே கேட்காத பிழை, யாருக்கும் தெரியாமலே கடந்துபோகிறது.

இது கற்பனை வழக்கு இல்லை. போஸ்ட்கிரெஸ்கியூஎல் தரவுத்தளத்தில் எழுதுவது ஒரு செயல்முறை, எஃப்சிங்க் கேட்பது செக்பாயின்ட்டர் என்ற வேறொன்று, அது கோப்பைப் பிறகு திறக்கலாம். 2018-இல் அவர்களுடைய சமூகத்தில் இந்தச் சிக்கல் வெடித்தது. எஃப்சிங்க்கேட் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். தோற்ற எஃப்சிங்க்கை மறுபடி அழைத்தால் கெர்னல் மறுபடி எழுத முயலும் என்று அதுவரை நம்பியிருந்தார்கள். 2019 பிப்ரவரியில் வந்த 11.2 முதலான பதிப்புகளில், தரவுக் கோப்பின் எஃப்சிங்க் தோற்றால் தரவுத்தளம் உடனே நின்று, லாக்கிலிருந்து மீளும்படி மாற்றினார்கள். அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். எக்ஸ்ட்4-இல் தோற்ற பக்கம் சுத்தமாகிவிடுவதால் இரண்டாம் எஃப்சிங்க் எதையும் எழுதப்போவதில்லை. அதன் சுழியத்துக்கு எந்த மதிப்பும் இல்லை.

கெர்னல் பக்கத்தில் மேத்யூ வில்காக்ஸ், திறக்கும்போது நகலெடுக்கும் எர்சீக்_சாம்பிளைத் திருத்தினார், 4.17-இல் அது இருக்கிறது. திருத்தம் சில வரிதான்: தற்போதைய பிழையை இன்னும் யாரும் பார்க்கவில்லை என்றால், நகலாக 0 கொடு. புதிதாகத் திறப்பவர் முதல் எஃப்சிங்க்கிலேயே ஈஐஓ வாங்குவார். இதையும் சேர்த்தேன்.

இதைச் சோதிக்க ஃப்ளஷர் வரும்வரை அரை நிமிடம் காத்திருக்க வேண்டியதில்லை. மெய்நிகர் இயந்திரத்தில் டர்ட்டி_எக்ஸ்பயர்_சென்டிசெக்ஸ், டர்ட்டி_ரைட்பேக்_சென்டிசெக்ஸ் இரண்டையும் 100 ஆக்கினால் இரண்டொரு விநாடியில் பின்னணி எழுத்து நடந்துவிடும். எழுது, மூடு, கெர்னல் பதிவில் எச்சரிக்கை வரும்வரை பொறு, திற, எஃப்சிங்க் கேள். சாம்பிள் திருத்தத்துக்கு முன் சுழியம், பின் ஈஐஓ.

ஆனால் மூடுவதற்கும் திறப்பதற்கும் நடுவில் நினைவக நெருக்கடி வந்து ஐநோடே கேஷிலிருந்து வெளியேறினால், அதோடு எண்ணும் போய்விடும். அதற்கு இந்த அமைப்பில் மருந்து இல்லை. எழுதும் நிரல் டிஸ்கிரிப்டரைத் திறந்தே வைத்திருந்து, தானே எஃப்சிங்க் கேட்பதுதான் உறுதியான வழி. தரவுத்தள நண்பர் அவர் பக்கத்தை அப்படி மாற்றிக்கொண்டார்.

கடைசியாக எக்ஸ்எஃப்எஸ்டெஸ்ட்ஸ் என்ற கோப்பு முறைமைச் சோதனைத் தொகுப்பின் ஜெனரிக்/441. ஒரே கோப்பைப் பல முறை திறந்து, பிழை எல்லா டிஸ்கிரிப்டருக்கும் சரியாக ஒருமுறை வருகிறதா என்று பார்க்கும் சோதனை அது. திருத்தாத 4.9-இல் தோற்றது, திருத்தியதில் தேறியது. என் சின்ன நிரலை மட்டும் நம்பியிருக்க எனக்கு விருப்பமில்லை.

சிங்க்எஃப்எஸ்ஸைத் தொடவில்லை. முழுக் கோப்பு முறைமைக்கும் ஒரே அழைப்பில் பிழை கேட்கும் வசதி 5.8-இல் சூப்பர்பிளாக்கில் (முழுக் கோப்பு முறைமைக்கான பதிவு) இன்னொரு எர்சீக் வைத்த பிறகே வந்தது. அதைக் கொண்டுவர மேலும் பல இடங்களைக் கலைக்க வேண்டும். எங்கள் காப்பு ஸ்கிரிப்ட் சிங்க்எஃப்எஸ்ஸின் சுழியத்தை நம்பியிருந்ததால், கோப்புக் கோப்பாக எஃப்சிங்க் கேட்கும்படி அதை மாற்றினோம்.

இதே வேலையைச் செய்யப் போகிறவர்களுக்குப் பேட்ச் வரிசை: முதலில் எர்சீக் நூலகமும் சாம்பிள் திருத்தமும், அடுத்து அட்ரஸ்_ஸ்பேஸ், ஸ்ட்ரக்ட் ஃபைல் மாற்றங்கள், பிறகு கீப்_எரர்ஸ் செயலின் மாற்றமும் ஜேபிடி2-வும், எல்லாவற்றுக்கும் பின் எக்ஸ்ட்4_சிங்க்_ஃபைல். ஜேபிடி2-வுக்கு முன்பே எக்ஸ்ட்4-ஐ மாற்றினால், பின்னாளில் வேறு எதற்காகவோ கிட் பைசெக்ட் (பழுது நுழைந்த மாற்றத்தைப் பாதி பாதியாகத் தேடுவது) செய்பவர் அந்த இடைக் கெர்னலில் வந்து நின்று, இரட்டை ஈஐஓவைத் துரத்திக்கொண்டிருப்பார்.